டீக்கு ஊற்றுவது பாலில் சேராது

ஓபேத்: ...அதனால சத்தியமாச் சொல்றேன், கண்ணு. இப்ப நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும் என் தலைமுடி மொத்தமும் உதிர்ந்து போகட்டும்.

எஃபி: தொப்பியைக் கழட்டிட்டுச் சொல்லு, ஓபேத்.

ஓபேத்: எதுக்கு? குளிருது.

எஃபி: அந்தப் பொண்ணு பார்க்கட்டும். போன சத்தியத்துக்கே எல்லாம் உதிர்ந்தாச்சு.

மார்லா: தொப்பி இருக்கட்டும், மாமா. படகு இன்னிக்கு வருமா வராதா, அதுக்கு ஒரு சத்தியம் பண்ணுங்க.

ஓபேத்: மூடுபனி விலகினா வரும். விலகலைன்னா வராது. இதுக்குப் போய் சத்தியத்தை வீணாக்குவாங்களா?

எஃபி: நீ இப்படி அடுப்புப் பக்கம் வா, கண்ணு. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டுக் கார்ல எவ்வளவு நேரம் தனியா உட்கார்ந்திருப்பே? இந்தப் படகுத்துறைக் கொட்டகை ஒழுகும், ஆனா சூடா இருக்கும். நான் எஃபி. இவன் ஓபேத், என் புருஷன். உன் பேர் என்ன?

மார்லா: மார்லா. இவன் லேவி. மூணு மாசம் முடிஞ்சுது.

ஓபேத்: லேவி. நல்ல கனமான பேரு. ஆள்தான் லேசா இருக்கான்.

எஃபி: ஓபேத்!

ஓபேத்: நான் பேரைப் பத்திப் பேசினேன்.

எஃபி: டீ குடிக்கிறியா, கண்ணு? ஃபிளாஸ்க்ல இருக்கு.

மார்லா: ஐயோ, கொடுங்க அத்தை. காலையிலேர்ந்து ஒண்ணும் உள்ள போகலை... போதும், போதும். இன்னும் கொஞ்சம் டின் பால் ஊத்துங்க. கறுப்பா இருந்தா எனக்கு இறங்காது.

எஃபி: இந்தா... ஏன் நின்னுக்கிட்டே குடிக்கிறே? உட்காரேன்.

மார்லா: உட்கார்ந்தா இவன் அழுவான். தோள்ல நிமிர்த்திப் போட்டு நடந்துக்கிட்டே இருக்கணும்.

ஓபேத்: முதுகை வில்லு மாதிரி வளைப்பானா?

மார்லா: ...எல்லாக் குழந்தையும் பண்றதுதானே. கொஞ்சம் கக்குவான், அவ்வளவுதான். ஒண்ணுமில்லை. ஹேக்டன் தீவுல எங்க அக்கா இருக்கா. குழந்தையைக் காட்டிட்டு வரலாம்னு கிளம்பினேன். நீங்க எதுக்குப் போறீங்க?

ஓபேத்: நாங்களா? படகு எஞ்சினுக்கு ஒரு போல்ட் வேணும். தீவுல ஒருத்தன் வெச்சிருக்கான்.

எஃபி: ஆமா. போல்ட்.

மார்லா: ஒரு போல்ட்டுக்கு ரெண்டு பேரா?

ஓபேத்: கனமான போல்ட்.

மார்லா: ஓ.

ஓபேத்: அதை விடு. கக்குவான்னு சொன்னியே... கக்கறதுன்னா என் பேத்தி ரூபியோட பையன் சைலஸ் கக்கினான் பாரு, அது கக்கல். அதைச் சொல்லத்தான் சத்தியம் பண்ணேன். இனிமே சொல்லாம விட்டா பாவம்.

எஃபி: ஆரம்பிச்சாச்சு.

ஓபேத்: முதல் மாசம் வாயோரமா வழியும். அடுத்த மாசம் தோள் நனையும். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அவர் வாசப்படியில நிக்கிறார். ரூபி குழந்தையோட ஜன்னல் பக்கம் நிக்கிறா. நடுவுல சாப்பாட்டு மேஜை. மேஜை மேல பூனை. பூனை மேல ஒரு சொட்டுப் படலை.

மார்லா: பாஸ்டர் மேல?

ஓபேத்: அன்னியிலேர்ந்து அவர் ஞானஸ்நானம் கொடுக்கறதே மீன்பிடிக்கப் போறவங்க மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டுதான்.

எஃபி: கோயில் கூரை ஒழுகுச்சு. அதுக்குப் போட்டுக்கிட்டார்.

ஓபேத்: பார்த்தியா? நல்லாப் போயிக்கிட்டிருக்கற நிஜத்தை நடுவுல புகுந்து கெடுப்பா.

மார்லா: நீங்க சொல்லுங்க மாமா.

ஓபேத்: கடற்காக்கை எல்லாம் மீன் படகை விட்டுட்டு ரூபியோட தள்ளுவண்டி பின்னாலேயே போக ஆரம்பிச்சுது. அவ கடைக்குப் போனா மேல ஒரு மேகம் மாதிரி கூடவே வரும். காக்கை எங்கே வட்டம் போடுதோ அங்கேதான் மீன்னு எங்க ஆளுங்க வலை போடுவாங்க. அந்த வருஷம் பாதிப் பேர் மளிகைக் கடை வாசல்ல வலை போட்டாங்க.

மார்லா: ஹ... ஹ... ஐயோ, இவன் எழுந்துடப் போறான்.

எஃபி: சிரி, சிரி. கண்ணுக்குக் கீழ எவ்வளவு கறுப்பு பாரு.

மார்லா: சிரிச்சு ரொம்ப நாளாச்சு, அத்தை. எங்க வீட்டுல துவைக்கிற மெஷின் ஓயறதே இல்லை. என் போர்வை, அவன் போர்வை, என் சட்டை, சோஃபா உறை... புருஷன் ஆல்பர்ட்டாவுல எண்ணெய்க் கிணத்து வேலைக்குப் போயிட்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்றான். வந்து இறங்கி வாசல்லயே கேட்டான், வீட்டுல ஏன் தயிர் வாடை வருதுன்னு.

ஓபேத்: நீ என்ன சொன்னே?

மார்லா: அது தயிர் இல்லை, உன் பொண்டாட்டின்னு சொன்னேன்.

எஃபி: நல்லாச் சொன்னே.

மார்லா: மாமா... அந்த சைலஸுக்கு வலிச்சுதா?

ஓபேத்: ...வலிச்சுது, கண்ணு. பசின்னு அழுவான். மார்ல போட்டா ரெண்டு வாய் குடிப்பான். அப்புறம் சுட்டுட்ட மாதிரி தலையைத் திருப்பிக்குவான். மறுபடியும் பசி, மறுபடியும் ரெண்டு வாய். மேல வர்ற பால் நெஞ்சை எரிக்குது, அதைச் சொல்ல வாய் இல்லை.

மார்லா: ...அப்படியேதான். அப்படியேதான் இவனும்.

எஃபி: வெறும் கக்கல் மட்டும் இல்லை, என்ன?

மார்லா: ...டாக்டரைப் பார்த்தாளா, உங்க ரூபி?

ஓபேத்: நம்ம நியூஃபவுண்ட்லாந்துல டாக்டர் கிடைக்கறதுக்குள்ள குழந்தைக்கு மீசை முளைச்சிடும்னு உனக்கே தெரியும். இருந்தாலும் தேடிப் போனா. டவுன்ல முதல் டாக்டர் ரொம்ப வேகம். அவர் ரூம் கதவு தானா மூடிக்கிற கதவு. ரூபி உள்ள போனா. 'எல்லாக் குழந்தையும் கக்கும்'னார். அவ உள்ள போகத் திறந்த கதவு மூடறதுக்குள்ள வெளியில வந்துட்டா.

மார்லா: அந்தக் கதவு எனக்கும் தெரியும்.

ஓபேத்: அடுத்த டாக்டர் வேகம் கிடையாது. ஆனா கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். நாக்கை நீட்டுன்னார். ரூபி நீட்டினா. உன்னை இல்லைன்னார். குழந்தை நீட்டுச்சு. உன்னையும் இல்லைன்னார். கடைசியில கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் இல்லை, நல்லா ஓய்வு எடுக்கட்டும்னு சொல்லி அனுப்பிட்டார்.

மார்லா: எனக்கும் அதேதான் சொன்னார், ஓய்வு எடுங்கன்னு. 'அம்மாவுக்குப் பதட்டம் அதிகம்'னு என் எதிர்லயே தட்டிக்கிட்டு இருந்தார். நான் எட்டிப் பார்த்துப் படிச்சேன்.

எஃபி: உனக்கா? அக்கா வீட்டுக்குன்னு கிளம்பினவதானே நீ? சொல்ல வேண்டாம்னா வேண்டாம், கண்ணு.

மார்லா: எனக்கு அக்காவே கிடையாது, அத்தை. ஹேக்டன் தீவு கிளினிக்ல இன்னிக்கு இவனைக் காட்ட வரச் சொல்லியிருக்காங்க. ஒரு மணி நேரமாக் கார்ல உட்கார்ந்து, இந்தப் பனி விலகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருந்தேன்.

ஓபேத்: விலகக்கூடாதுன்னா?

மார்லா: படகு வரலைன்னா திரும்பிப் போயிடலாம். என் மேல தப்பு இருக்காது. மாமியார் தினமும் சொல்றாங்க, ஆறு பெத்தேன், ஆறும் கக்குச்சு, ஆறும் வளர்ந்துச்சுன்னு. முதல் டாக்டர் அதையே சொன்னார். ரெண்டாவது டாக்டர், தாய்ப்பால்ல உங்க சாப்பாடு இறங்கும், கொஞ்ச நாள் நீங்க பாலை விட்டுப் பாருங்கன்னார். விட்டேன். சுத்தமா. பால், தயிர், சீஸ், ஐஸ்கிரீம்... ரொட்டிக்கு வெண்ணெய் கூடத் தடவலை. ஒண்ணும் மாறலை. அப்பதான் அந்தப் பதட்டம்கிறதைத் தட்டினார்.

எஃபி: சுத்தமாவா விட்டே?

மார்லா: ஒரு சொட்டு கிடையாது, அத்தை.

ஓபேத்: எஃபி...

எஃபி: பார்த்தேன். நீ கதையைச் சொல்லு. அது வர்ற இடத்துல வரட்டும்.

மார்லா: எது?

எஃபி: ஒண்ணுமில்லை. குடி.

மார்லா: இப்ப மூணாவதா ஒருத்தர்கிட்டப் போய், அவரும் அதையே சொன்னா? அப்ப எனக்குத்தான் கோளாறுன்னு முடிவாயிடும். அதைக் கேட்கறதுக்கு எதுக்கு ஒரு கடலைத் தாண்டணும்? வீட்டுலயே கிடைக்குதே.

ஓபேத்: ரூபியும் இதையேதான் சொன்னா. இதே கொட்டகையில.

மார்லா: ஓ... அப்புறம் ரூபி என்ன பண்ணா?

ஓபேத்: படகு ஏறினா. அன்னிக்குப் பனி இப்படி இல்லை, இன்னும் கெட்டி. ரூபி புருஷன் அதுல ஆணி அடிச்சுக் கோட்டை மாட்டினான்.

எஃபி: கொட்டகைச் சுவத்துல மாட்டினான்.

ஓபேத்: சுவர் தெரியவே இல்லை, எஃபி. அவனுக்கு எப்படித் தெரியும்? சரி, அந்தப் பக்கம் போய் இறங்கியாச்சு. தீவு டாக்டருக்கு மிரியம்னு பேரு. ரூபி உட்கார்ந்தா. டாக்டரம்மா நாற்காலியை இழுத்து முட்டிக்கு முட்டி இடிக்கிற மாதிரி எதிர்ல போட்டுக்கிட்டாங்க. 'முதல்லேர்ந்து சொல்லு'ன்னாங்க. அதோட அவங்க பேச்சு முடிஞ்சுது.

மார்லா: அப்புறம்?

ஓபேத்: அப்புறம் கேட்டாங்க. கண்ணு, நான் பெரிய பெரிய ஆளுங்களைப் பார்த்திருக்கேன். திமிங்கலத்தைத் தூண்டில்ல இழுத்தவனைத் தெரியும். ஆனா அந்த மாதிரி கேட்கிற ஆளைப் பார்த்ததில்லை. ரூபி சொல்லிக்கிட்டே இருக்கா. கடல் உள்வாங்கிப் போச்சு, திரும்பி வந்துச்சு. சுவர்க் கடிகாரம் மரியாதைக்கு நின்னுடுச்சு. வெளியில காத்திருந்தவங்கள்ல ஜலதோஷக்காரன் குணமாகி வீட்டுக்குப் போயிட்டான். கை உடைஞ்சு வந்தவனுக்கு எலும்பு அங்கேயே கூடிடுச்சு.

எஃபி: அவன் மறுநாள் வந்து கட்டுப் போட்டுக்கிட்டான்.

ஓபேத்: நடுவுல சைலஸ் ஒரு கக்கு கக்கினான் பாரு, டாக்டரம்மா கோட்டு மேல. காலர்லேர்ந்து கடைசி பட்டன் வரைக்கும். அவங்க துடைக்கலை.

மார்லா: துடைக்கலையா?

ஓபேத்: தொடவே இல்லை. வழிஞ்சுக்கிட்டு இருக்கு, அவங்க ரூபி முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்காங்க.

எஃபி: அது நிஜம், கண்ணு. துடைக்க ஆரம்பிச்சா ரூபி பேச்சை நிறுத்திட்டு மன்னிப்புக் கேட்பா. மன்னிப்புக் கேட்க ஆரம்பிச்சவ மிச்சத்தைச் சொல்ல மாட்டா. அதனால துடைக்கலை.

ஓபேத்: சின்ன வயசுலேர்ந்தே அவ அப்படித்தான், எதையும்...

எஃபி: ஓபேத், அடுப்புல விறகு போடு.

ஓபேத்: ...அப்படித்தான்னு தீவுல பேசிக்கறாங்க. நான் கேள்விப்பட்டது.

மார்லா: சரி மாமா. கேட்டு முடிச்சு என்ன சொன்னாங்க?

ஓபேத்: உடனே ஒண்ணும் சொல்லலை. எடை பார்த்தாங்க. வயித்தைத் தொட்டுப் பார்த்தாங்க. அப்புறம், இங்கேயே பால் கொடு, நான் பார்க்கணும்னாங்க. அவன் ரெண்டு வாய் குடிச்சிட்டுத் திரும்பினதைக் கண்ணால பார்த்தாங்க. பார்த்துட்டு ரூபிகிட்ட, 'நீ பார்த்தது சரி'ன்னாங்க.

மார்லா: அப்படியேவா? அந்த வார்த்தையா?

ஓபேத்: நீ பார்த்தது சரி. அந்த வார்த்தைதான். ரூபி அழுத அழுகையில கிளினிக் தரையில துடுப்புப் போட்டுப் போகலாம்.

எஃபி: கொஞ்சம் அழுதா.

ஓபேத்: நாற்காலி மிதந்துச்சு.

எஃபி: கொஞ்சம், கண்ணு.

மார்லா: மருந்து கொடுத்தாங்களா?

ஓபேத்: எடைக்குத் தக்கபடி ஒரு சொட்டு மருந்து. கொஞ்சம் கொஞ்சமாப் பால் கொடு, குடிச்சதும் நிமிர்த்தித் தோள்ல வெச்சுக்கோன்னாங்க. தொட்டிலை எப்படி வெச்சிருக்கேன்னு கேட்டாங்க. அதுதான் எனக்குத் தர்மசங்கடம். தலைமாடு உயரமா இருந்தா பால் மேல வராதுன்னு நான்தான் யோசனை சொன்னேன். முதல்ல கீழ ரெண்டு பாட்டுப்புத்தகம் வெச்சோம். அப்புறம் ஒரு மரக்கட்டை. அப்புறம் என் பழைய நங்கூரம். ஒரு நாள் காலையில பார்த்தா குழந்தை தொட்டில்லேர்ந்து வழுக்கி, கதவைத் தாண்டி, படகுத்துறைப் பக்கம் போயிக்கிட்டு இருக்கான்.

எஃபி: தொட்டிலோட கால்மாட்டுல சுருண்டு கிடந்தான். அதுவே எனக்கு உயிர் போச்சு.

ஓபேத்: டாக்டரம்மா எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிட்டாங்க. தூங்கறப்போ தட்டையா, மல்லாக்க. வேற பேச்சே கிடையாது. கோபமா ஒரு பார்வை பார்த்தாங்க... ரூபியை இல்லை.

எஃபி: யாரைன்னு நான் சொல்லணுமா?

ஓபேத்: வேண்டாம். அதுக்கப்புறம் ரூபிகிட்ட, பசும்பால் உன் வழியா அவனுக்குப் போகுதான்னு பார்ப்போம், ரெண்டு வாரம் பாலை விடுன்னாங்க. விட்டா. எங்க பக்கம் ஒரே ஒரு பசு உண்டு. அது வேலியோரம் வந்து நின்னு ரூபி வீட்டையே பார்க்கும். உடம்பு இளைச்சுப் போச்சு, பாவம், மனக்கஷ்டத்துல.

மார்லா: குழந்தை?

ஓபேத்: கொஞ்சம் தேவலை. ஆனா முழுசா இல்லை. ரூபி பயந்துக்கிட்டே ஃபோன் பண்ணா. பாலை விட்டேன், சரியாகலைன்னு. இப்ப நீ சொல்லு, வேற டாக்டரா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?

மார்லா: பால் காரணம் இல்லை, நீதான் காரணம்னு.

ஓபேத்: டாக்டரம்மா, 'வீட்டுக்கு வர்றேன்'னாங்க.

மார்லா: வீட்டுக்கா! இந்தக் காலத்துல எந்த டாக்டர் வீட்டுக்கு வர்றாங்க?

ஓபேத்: வந்தாங்களே. அதுவும் எப்படி! கடல் உறைஞ்சும் உறையாமலும் கிடக்கு. படகு ஓடலை. ஒரு பனிக்கட்டி மேலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவித் தாவி, ஒரு கையில பை, இன்னொரு கையில எடை பார்க்கிற மெஷின். நடுக்கடல்ல ஒரு கடல்நாய்க்கு இருமல்னு நின்னு பார்த்துட்டு வந்தாங்க.

எஃபி: படகுலதான் வந்தா.

மார்லா: வந்தாளா?

எஃபி: வந்தாங்கன்னு சொன்னேன். பல்செட்டு சரியில்லை.

ஓபேத்: ரூபி வீட்டு அடுப்பங்கரையில உட்கார்ந்தாங்க. 'எனக்கு ஒரு டீ கொடு. நீ எப்பவும் உனக்குப் போடற மாதிரியே போடு'ன்னாங்க. ரூபி தண்ணி கொதிக்க வெச்சா. தூள் போட்டா. கோப்பையில ஊத்தினா. அலமாரியைத் திறந்தா, டின்னை எடுத்தா, ஒரு ஊத்து ஊத்தினா. டாக்டரம்மா கேட்டாங்க, 'அது என்ன?' ரூபி சொன்னா, 'டின்.' 'டின்ல என்ன?' 'டீக்கு ஊத்தறது.' 'பாலை விட்டுட்டேன்னு சொன்னியே?' 'விட்டுட்டேனே.' நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கும் ஒண்ணும் புரியலை. பால்னா பால், கண்ணாடி டம்ளர்ல குடிக்கறது. டின்னுனா டின், டீக்குப் போறது. ரெண்டையும் ஒண்ணுன்னு எவனாவது சொல்லுவானா? எங்க அம்மா காலத்துலேர்ந்து அது வேற அலமாரி.

மார்லா: அத்தை... இந்த டீ.

எஃபி: ஆமா, கண்ணு.

மார்லா: டின் பாலும்... பாலா?

எஃபி: சுண்டக் காய்ச்சின பசும்பால். கோப்பையைக் கொடு. கறுப்பா ஊத்தித் தர்றேன்.

மார்லா: நான் ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை குடிப்பேன் தெரியுமா? தூக்கம் இல்லாததால அதுலதான் உயிரோட இருக்கேன். நான் சொட்டுக் கூடத் தொடலைன்னு அந்த டாக்டர்கிட்ட அடிச்சுச் சொன்னேன், அத்தை. பைபிள் இருந்தா கையை வெச்சிருப்பேன்.

எஃபி: இந்தப் பக்கத்துல யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. அவருக்கு அது தெரியலை. வெளியூர்க்காரரா இருக்கும்.

மார்லா: ரூபியைப் பார்த்து டாக்டர் சிரிச்சாங்களா?

ஓபேத்: இல்லை. நான் சிரிச்சேன், என்னை வெளியில அனுப்பிட்டாங்க. ஜன்னல் வழியாக் கேட்டேன். 'தப்பு என்னோடது, ரூபி'ன்னாங்க. 'பாலை விடுன்னு மட்டும் சொன்னேன். நானே இந்த ஊர் டின் பாலைக் குடிச்சு வளர்ந்தவ. டின்னை யாரும் பால்ல சேர்க்க மாட்டாங்கன்னு எனக்கு ஞாபகம் வந்திருக்கணும்'னாங்க.

எஃபி: இதை இவன் சொன்னாங்கிறதுக்காக நம்பாம இருந்துடாதே. யார் வீட்டு அடுப்பங்கரைன்னு மட்டும் கேட்காதே. அந்த டின்னு நடந்தது.

மார்லா: சைலஸ் இப்ப எப்படி இருக்கான்?

ஓபேத்: அஞ்சு வயசு. போன வாரம் ஒரு முழு காட் மீனை முள்ளோட தின்னான். முள்ளைக் கூடக் கக்கலை.

மார்லா: அப்ப... அப்ப எனக்கு டாக்டரே வேண்டாமே! டின்னை விட்டாப் போதும். இல்லையா? நான் திரும்பிப் போறேன், அத்தை. நல்ல வேளை உங்களைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் முதல் வேலையா அலமாரியைக் காலி பண்றேன்.

ஓபேத்: ஐயோ! இல்லை, இல்லை, இரு! எஃபி, ஏதாவது சொல்லு. நான் கொஞ்சம் அதிகமா நல்லாச் சொல்லிட்டேன்.

எஃபி: உட்காரு, மார்லா.

மார்லா: பனியும் விலகற மாதிரி இல்லை...

எஃபி: உட்காரு. அந்த டின்னு ரூபியோட டின்னு. உன் பையனுக்கு அதுவா, அது மட்டும்தானா, வேற எதாவதான்னு எங்களுக்கு என்ன தெரியும்? நாங்க போல்ட் வாங்க வந்தவங்க. எடை ஏறுதா இவனுக்கு?

மார்லா: ...ஏறலை. போன தடவை பார்த்ததுக்கு இப்ப கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

எஃபி: அப்ப? ஓபேத் வாயால கேட்ட கதையை வெச்சா வைத்தியம் பண்ணப்போறே? இவன் தொட்டிலுக்கு நங்கூரம் வெச்ச ஆள்.

ஓபேத்: சின்ன நங்கூரம்தான்.

எஃபி: எதுக்கு பயப்படறே, கண்ணு? நிஜமாச் சொல்லு. அவங்களும் அதையே சொல்லிடுவாங்கன்னா?

மார்லா: அது இல்லை. அதுவும்தான். ஆனா... மறுபடியும் முதல்லேர்ந்து சொல்ல என்கிட்டத் தெம்பு இல்லை, அத்தை. சொல்லச் சொல்ல, கேட்கறவங்க முகம் மாறும். ஆமா ஆமான்னு தலை மட்டும் ஆடும். கை பேனாவைத் தேடும். நான் அவசர அவசரமாச் சொல்லி முக்கியமானதை விட்டுடுவேன். வெளியில வந்ததும் ஞாபகம் வரும்.

எஃபி: அப்ப இங்கே ஒரு தடவை சொல்லிப் பார். எங்களுக்கு வேலை இல்லை. ஓபேத், வாயை மூடு.

ஓபேத்: மூடிட்டேன்.

எஃபி: இன்னும் மூடலை.

ஓபேத்: ...

மார்லா: எங்கேர்ந்து சொல்றது... பிறந்தப்போ நல்லாத்தான் இருந்தான். மூணாவது வாரம் ஒரு சாயங்காலம் அழ ஆரம்பிச்சான். பசி அழுகை இல்லை, அது எனக்குத் தெரியும். இது வேற. குரல் கட்டிப்போய், பின்னால வளைஞ்சு, கை ரெண்டும் இறுக மூடி. கக்கற நேரத்தை விட கக்காம முழுங்கற நேரத்துலதான் அதிகமாத் துடிக்கிறான். இதை நான் யார்கிட்டயும் சொல்லலை. கக்கறதை மட்டும்தான் எல்லாரும் கேட்டாங்க. வெளியில ஒண்ணும் வராது, ஆனா தொண்டையில ஏதோ ஏறி இறங்கும், முகம் சுருங்கும். இப்பெல்லாம் நான் சட்டையைத் தளர்த்தினாலே முகத்தைத் திருப்பிக்கிறான். என்னைப் பார்த்துப் பயப்படறான், அத்தை. என் குழந்தை என்னைப் பார்த்து. நான்தான் அவனுக்கு நெருப்பு ஊட்டற மாதிரி. பால் கொடுக்கற நேரம் நெருங்கினா என் கை நடுங்குது. அதுதான் அந்த டாக்டர் கண்ணுல பட்டுது, அதைத்தான் பதட்டம்னார். கை நடுங்குனது நிஜம். அதுக்காகக் குழந்தைக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுமா? ஏதாவது சொல்லுங்க, மாமா.

ஓபேத்: என்கிட்ட இதுக்குச் சமமா ஒண்ணும் இல்லை, கண்ணு.

எஃபி: கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவன் இவ்வளவு நேரம் பேசாம இருந்ததில்லை. இப்ப என்கிட்டச் சொன்னியே, கக்காதப்போதான் அதிகமாத் துடிக்கிறான்னு... அதை முதல்ல சொல்லு, அந்த டாக்டர்கிட்ட. விட்டுடாதே.

மார்லா: முதல்ல அதைச் சொல்றேன்.

எஃபி: உன் கை நடுங்கறதையும் சொல்லு. மறைக்காதே. டின் சமாசாரத்தையும் சொல்லு. நிறுத்தி நிதானமா. அவங்க அவசரப்படுத்த மாட்டாங்க.

மார்லா: அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்களே, அத்தை.

எஃபி: ...ஊர்ல சொல்லிக்கறாங்க.

ஓபேத்: ஸ்... கேளுங்க. சங்கு ஊதுது.

மார்லா: படகா?

ஓபேத்: படகேதான். பார், பனிக்குள்ளேர்ந்து மூக்கு தெரியுது. எந்திரி, எந்திரி. பையை நான் எடுத்துக்கறேன். எஃபி, அந்தப் போர்வை! காருக்குப் போ கண்ணு, படகுல ஏத்தற கார் வரிசையில நீதான் முதல் ஆள்.

மார்லா: நீங்க ஏறலையா?

ஓபேத்: நாங்களா?

மார்லா: போல்ட் வாங்கணும்னீங்களே.

ஓபேத்: இப்ப யோசிச்சுப் பார்த்தா எனக்கு வேண்டியது நட்டுன்னு தோணுது. நட்டு இந்தப் பக்கமே கிடைக்கும்.

எஃபி: இவனுக்கே பாதி நட்டு கழண்டுதான் கிடக்கு. நீ கிளம்பு, கண்ணு. அந்தப் பக்கம் இறங்கினதும் வெள்ளை வீடு, பச்சைக் கதவு. கதவைத் தட்ட வேண்டாம், தள்ளிக்கிட்டுப் போ. மத்தியானம் சாப்பிட்டாங்களான்னு கேளு. கேட்கலைன்னா சாப்பிட மாட்டாங்க.

மார்லா: ரொம்பத் தெரிஞ்சவங்க மாதிரி சொல்றீங்க.

எஃபி: சின்னத் தீவு. காத்து இந்தப் பக்கம் அடிச்சா எல்லாம் கேட்கும்.

ஓபேத்: ஒண்ணே ஒண்ணு, கண்ணு. டாக்டரம்மாகிட்ட, கொட்டகையில எங்களைப் பார்த்ததாச் சொல்லிடாதே.

மார்லா: ஏன் மாமா?

ஓபேத்: முன்னே பின்னே தெரியாத ஒரு ஆளைப் பத்தி நாம உட்கார்ந்து பேசினோம்னு தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? ரூபி பேரையும் எடுக்க வேண்டாம். அவ கூச்ச சுபாவம்.

மார்லா: மாமா, நேத்து டாக்டரே எனக்கு ஃபோன் பண்ணாங்க. கொட்டகையில தொப்பி போட்ட ஒரு பெரியவர் பேத்தி ரூபி கதை சொல்லுவார், முழுசாக் கேட்டுட்டு வாங்க, நடுவுல எழுந்து போனா மனசு ஒடிஞ்சுடுவார்னாங்க. 'அவர் எங்க அப்பா. எங்க வீட்டுல நான் ஒரே பிள்ளை. எனக்குக் கல்யாணமும் ஆகலை, குழந்தையும் கிடையாது'ன்னும் சொன்னாங்க.